சின்னக் குழலுக்கு எந்தத் தோட்டா? மூன்று 9 மி.மீ. தற்காப்புத் தோட்டாக்கள்: நேரடிச் சோதனை

கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் வாரக்கணக்கில் விசாரிக்கிறவர்கள்கூட, அதில் போடும் தோட்டாவைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் முதல் பெட்டியோடு முடித்துக்கொள்கிறார்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் புருயன் வழக்குத் தீர்ப்பு வந்தபின் நியூயார்க் போன்ற மாநிலங்களிலும் உரிமம் பெறும் வழி விரிந்தது. எடுத்துச் செல்பவர்கள் பெருகும்போது இந்த அவசரத் தேர்வு கவலை தருகிறது. விசையை அழுத்தியபின் குண்டு எங்கே போய் நிற்கிறது என்பதற்குச் சுட்டவரே பொறுப்பு. அந்தப் பொறுப்பில் பாதி, தோட்டா வாங்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று: ஃபெடரல் எச்.எஸ்.டி 124 கிரெயின், ஸ்பியர் கோல்ட் டாட் ஷார்ட் பேரல் 124 கிரெயின் பிளஸ் பி, ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸ் 115 கிரெயின். துப்பாக்கி சிக் சாவர் பி365. அதன் குழல் 3.1 அங்குலம்தான். இந்தச் சோதனைக்குக் காரணமே அந்தக் குட்டைக் குழல்தான்.

ஏன் ஹாலோ பாயின்ட்?

மூன்றுமே முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் வகை. உடலுக்குள் நுழைந்ததும் குழியில் அழுத்தம் ஏறி, முனை காளான்போல் விரிகிறது. குண்டு வேகம் இழந்து உள்ளேயே நிற்கிறது. பயிற்சிக்குப் பயன்படும், முழுவதும் செம்பு உறையிட்ட உருண்டை முனைக் குண்டு விரியாது. இலக்கைத் துளைத்து மறுபக்கம் வந்து, பின்னால் நிற்பவரையும் தாக்கும் ஆபத்து அதில் அதிகம்.

விரியும் குண்டுகளின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் பிரிட்டிஷ் படைக்காக இத்தகைய ரைஃபிள் குண்டுகள் செய்யப்பட்டன. 1899 ஹேக் பிரகடனம் போரில் அவற்றைத் தடுத்தது. ஆனால் நகரத் தெருவில் நிலைமை வேறு. அங்கே சுற்றிலும் இருப்பவர்கள் சண்டையில் சம்பந்தமே இல்லாத பொதுமக்கள். அமெரிக்கக் காவல் துறைகள் ஹாலோ பாயின்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தப் பொதுமக்களின் பாதுகாப்பும் ஒரு முக்கியக் காரணம்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளையர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதிகாரிகளில் இருவர் இறந்தனர்; ஐவர் காயமடைந்தனர். கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இதை ஆராய்ந்த எஃப்.பி.ஐ., 10 சதவீத ஜெலட்டினில் குண்டு குறைந்தது 12 அங்குலமாவது போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்கு வந்தது. கனத்த துணி, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைத் தாண்டியும் குண்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிறார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் பெரிய விட்டத் தோட்டாக்களுக்கு மாறிய எஃப்.பி.ஐ., குண்டுகளின் தரம் உயர்ந்ததும் 9 மி.மீ.க்கே திரும்பியது. விட்டத்தைவிடக் குண்டின் வடிவமைப்பும், சுடுபவர் குறி தவறாமல் சுடுவதும் முக்கியம் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

சோதனையில் கண்டவை

நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியை முன்னால் கட்டி, ஒளி ஊடுருவும் செயற்கை ஜெல் கட்டிகளில் சுட்டோம். இந்த ஜெல், எஃப்.பி.ஐ. பயன்படுத்தும் அளவுதிருத்திய ஜெலட்டினுக்கு ஈடாகாது. ஒரு தோட்டாவை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் போதுமானது. குட்டைக் குழலில் குண்டின் வேகம் குறையும். குழியில் துணி அடைத்துக்கொண்டால் முனை விரியாது. இந்த இரண்டு தடைகளையும் எது தாண்டுகிறது என்பதே கேள்வி.

எச்.எஸ்.டி மூன்றிலும் அகலமாக விரிந்தது. இதழ்கள் ஒரே சீராகத் திரும்பியிருந்தன. செம்பு உறை ஈயத்தோடு ஒட்டப்படாத வகை இது, ஆனாலும் பிரியவில்லை. சாதாரண அழுத்தத் தோட்டா என்பதால் சின்னத் துப்பாக்கியிலும் உதைப்பு கைக்கு அடங்குகிறது.

கோல்ட் டாட் குண்டில் செம்பு, ஈயத்தின் மேல் மின்முலாமாகவே படிகிறது. உறை கழன்று போக வழியில்லை. ஷார்ட் பேரல் வகையின் குழி, குறைந்த வேகத்திலும் விரியும்படி அமைந்தது. விரிவு நம்பகமாக இருந்தது. பிளஸ் பி என்றால் கூடுதல் அழுத்தம்: சாதாரண 9 மி.மீ.க்கு உச்ச வரம்பு 35,000 பி.எஸ்.ஐ., இதற்கு 38,500. எடை குறைந்த பி365இல் அந்த வேறுபாடு மணிக்கட்டில் தெரிகிறது. இரண்டாவது குண்டுக்குக் குறி திரும்பச் சற்று நேரம் பிடிக்கிறது. உங்கள் துப்பாக்கியின் கையேடு பிளஸ் பியை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிரிட்டிகல் டிஃபென்ஸ் குழியை மென்மையான பாலிமர் முனையால் நிரப்பியிருக்கிறது. துணி உள்ளே புக இடமில்லை. அதனால் விரிவு சீரானது. விரியும் அகலமும் போகும் ஆழமும் மற்ற இரண்டைவிடக் குறைவு. கண்ணாடி, தகடு போன்ற தடைகளுக்கு ஹார்னடி தனியாக கிரிட்டிகல் டியூட்டி என்ற தோட்டாவை வைத்திருக்கிறது. மூன்றில் உதைப்பு கிரிட்டிகல் டிஃபென்ஸில்தான் மிகக் குறைவு. கை வலு குறைந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது பெரிய உதவி.

ஒப்பீட்டுக்காகச் சுட்ட உருண்டை முனைக் குண்டு, அடுக்கி வைத்த கட்டிகளையெல்லாம் துளைத்துப் பின்சுவரில்தான் நின்றது. ஹாலோ பாயின்ட் ஏன் வேண்டும் என்பதற்கு அந்தச் சுவரே போதும்.

பெட்டியில் எழுதியிராத விஷயம்

ஜெல்லில் எவ்வளவு அழகாக விரிந்தாலும், உங்கள் துப்பாக்கி அதைத் தடையின்றி ஏற்றாவிட்டால் பயனில்லை. மேகசினிலிருந்து குழலின் அறைக்குள் ஏறும்போது அகன்ற முனை சில துப்பாக்கிகளில் சிக்கும். ஆகவே, எடுத்துச் செல்லும் முன் அதே மேகசின்களில் அதே தோட்டாவைப் போதிய அளவு சுட்டுப் பாருங்கள். ஒரு தடவை சிக்கினாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் நம்பாதீர்கள். பயிற்சிக்கும் அதே எடைக் குண்டைப் பயன்படுத்தினால் குறியும் உதைப்பும் பழகிவிடும்.

இன்னொன்று: தினமும் குழலின் அறையிலிருந்து எடுத்து, மறுநாள் அதே தோட்டாவை மீண்டும் ஏற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் முனை அறை வாயிலின் சரிவில் மோதுவதால் குண்டு தோட்டாவின் வெளிக்கூட்டுக்குள் மெல்ல அமிழும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். புதுத் தோட்டாவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

சட்டம்

நியூ ஜெர்சியில் ஹாலோ பாயின்டை வெளியில் எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பயணத்துக்கு முன் விசாரியுங்கள். எச்-1பி போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்: சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் பெட்டியைக் காரில் வைத்துக்கொள்வதும்கூட வினையாகலாம்.

தீர்ப்பு

3 அங்குலத்தை ஒட்டிய குழலுக்கு என் முதல் தேர்வு எச்.எஸ்.டி 124 கிரெயின். விரிவு, ஆழம், உதைப்பு மூன்றும் அதில் சமநிலையில் இருக்கின்றன. 50 தோட்டாப் பெட்டியாகக் கிடைத்தால் சோதித்துப் பார்க்கவும் கட்டுப்படியாகும். கூடுதல் உதைப்பைச் சமாளிக்கிறவர்களுக்குக் கோல்ட் டாட் ஷார்ட் பேரல். உதைப்பே குறியைக் கெடுக்கிறது என்பவர்களுக்கு கிரிட்டிகல் டிஃபென்ஸ். குறி தவறிய வலுவான குண்டைவிடக் குறியில் பட்ட மிதமான குண்டு மேல்.

தற்காப்புத் தோட்டாவின் விலை பயிற்சித் தோட்டாவைப்போல் பல மடங்கு. எனவே அதைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சப் பணத்தைப் பயிற்சித் தோட்டாவுக்கும், முறையான வகுப்புக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டாத பூட்டுப் பெட்டிக்கும் செலவிடுங்கள். இந்த மூன்றும் இல்லாத வீட்டுக்கு எந்தத் தோட்டாவையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.