பத்து முனைகள், நாற்பத்தைந்து கோடுகள்: பல்லுயிர்க் கண்காணிப்பு நிறுவனங்களின் கூட்டுறவு வலைப்படங்கள் குறித்து

பல்லுயிர்க் கண்காணிப்பில் ஈடுபடும் நிறுவனங்களை முனைகளாகவும் அவற்றின் கூட்டுறவைக் கோடுகளாகவும் வரைந்து காட்டும் வழக்கம் ஆய்வேடுகளில் பெருகியுள்ளது. கெஃபி, வோஸ்வியூவர் முதலிய கட்டணமற்ற மென்பொருள்கள் இவ்வேலையை எளிதாக்கின. ஆயினும் எதனை எண்ணி இக்கோடுகள் வரையப்பட்டன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. 2020இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையை முன்வைத்து அவ்வினாவை எழுப்பலாம்.

அவ்வறிக்கை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், இந்திய வனவிலங்கு நிறுவனம், கோவையின் சாலிம் அலி மையம், சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையம் உள்ளிட்ட பத்து நிறுவனங்களின் கூட்டு வெளியீடு. ஒரே வெளியீட்டில் பெயர் இடம்பெறுவதே கூட்டுறவு எனக் கொண்டால், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் இணையும். 45 கோடுகள் கிடைக்கும். பல்லாண்டுகள் சேர்ந்து களப்பணியாற்றிய இரு நிறுவனங்கள் எழுதும் ஒரு கட்டுரைக்கோ கிடைப்பது ஒரே கோடு. பெரிய பட்டியலில் ஒருமுறை இடம்பெற்ற நிறுவனம் படத்தின் நடுவே வந்து அமர்வதன் காரணம் இதுவே. நியூமன் 2001இல் முன்வைத்த எடையிடும் முறையைக் கையாண்டால் ஒவ்வொரு கோட்டின் மதிப்பும் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். மிகைமதிப்பு குறைகிறது என்பது உண்மை. ஆனால் பத்து நிறுவனங்களும் சமமாக உழைத்தன என்ற கற்பிதம் அப்படியே நிற்கிறது.

இங்குக் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி உண்டு. சாலிம் அலி மையம் பின்னர் இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. இன்றைய பெயர்ப்பட்டியலைக் கொண்டு அதே அறிக்கையை வரைந்தால் ஒன்பது முனைகள், 36 கோடுகள். பறவை நோக்கியவர் எவரும் குறையவில்லை. நிர்வாக ஆணை ஒன்று ஒன்பது கோடுகளை அழித்துவிட்டது. காலவரிசையில் அடுக்கப்படும் படங்களில் இது 'கூட்டுறவின் வீழ்ச்சி' என்றே வாசிக்கப்படும்.

முனைகளின் இருப்பிடமும் ஐயத்திற்குரியது. விசைவழி அமைப்பு முறைகளில் முனைகள் ஒன்றையொன்று விலக்கும், கோடுகள் ஈர்க்கும். தொடக்க நிலை மாறினால் இறுதி வடிவமும் மாறக்கூடும். மேல், கீழ், இடம், வலம் ஆகியவற்றுக்கு அங்குப் பொருளில்லை. என் முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் நான் வரைந்த படத்தையே மறுமுறை இயக்கியபோது நடுவிலிருந்த நிறுவனம் ஓரத்திற்குச் சென்றது. கருத்தரங்கில் முதற்படத்தைத்தான் காட்டியிருந்தேன், எவரும் வினவவில்லை.

இவற்றினும் பெரிய குறை விடுபடலில் உள்ளது. 867 இனங்களைப் பற்றிய அவ்வறிக்கைக்குத் தரவளித்தோர் 15,500க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள். அவர்களின் பதிவுகள் சேர்ந்த இடம் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இ-பேர்டு தளம். வெளியீட்டுப் பட்டியலை மட்டும் நம்பும் படத்தில் ஆர்வலருக்கும் இடமில்லை, கார்னெலுக்கும் இடமில்லை. பொங்கல் நாள்களில் தமிழகத்தின் ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பின் பதிவுகளும் அத்தளத்திற்கே செல்கின்றன. அதனை நடத்தும் குழுவினர் இத்தகைய படங்களில் ஒரு புள்ளியாகக்கூடத் தோன்றுவதில்லை. நிதி கோரும் கருத்துருக்களில் இப்படங்கள் சான்றாக இணைக்கப்படுமாயின், தோன்றாதவர்க்கு இழப்பு நேரும்.

ஒரு பக்கம் நிறுவனங்களையும் குழுக்களையும், மறுபக்கம் களப்பதிவு, தரவுச் சரிபார்ப்பு, பகுப்பாய்வு, நிதி ஆகிய பணிகளையும் நிறுத்தி இணைக்கும் இருவகை வலை இதற்கு மேலானது. அதில் முனைகள் இரு நிரல்களில் நிற்பதால் நடுவிடம் என்பதே எழாது. அழகும் குறைவுதான். அதனை வரைய யார் எப்பணி செய்தார் என்ற விவரம் தேவை; பெயர்களை வரிசைப்படுத்தி நன்றியுரையோடு முடியும் அறிக்கைகளிலிருந்து அவ்விவரத்தை எடுக்க இயலாது. மென்பொருளைத் திறக்கும் முன் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இப்போது அதற்காகவே காத்திருக்கிறது.