பாட்ஷாலா: டாக்காவின் ஒளிப்படப் பள்ளியும் அதன் மாணவர்களும்

1970இல் போலா புயல், 1971இல் விடுதலைப் போர், 1974இல் பஞ்சம். அடுத்தடுத்து விழுந்த இந்த அடிகளால் வங்கதேசத்துக்கு உலகத்தின் கண்ணில் ஒரே முகம் நிலைத்துப்போனது. வெள்ளத்துக்குள் நிற்கும் பெண், விலா எலும்பு தெரியும் குழந்தை, நிவாரணப் பொட்டலத்துக்காக நீளும் கைகள். அந்தப் படங்களில் பொய் இல்லை. ஆனால் உலகப் பத்திரிகைகளில் அச்சானவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்து, கொஞ்ச நாள் தங்கிப் போனவர்கள் எடுத்தவை. எடுத்தவர் பெயர் படத்தின் கீழே இருக்கும். படத்தில் இருப்பவருக்குப் பெயரே இருக்காது. வெள்ளம் வடிந்த பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்க யாரும் திரும்பி வரவில்லை.

இன்று நிலைமை வேறு. பெரிய சர்வதேசப் போட்டிகளிலும் கண்காட்சிகளிலும் வங்கதேசத்துப் பெயர்கள் வழக்கமாக வருகின்றன. டாக்காவில் 1998 டிசம்பரில் தொடங்கப்பட்ட பாட்ஷாலா என்ற ஒளிப்படப் பள்ளிக்கு இந்த மாற்றத்தில் பெரும்பங்கு உண்டு. தெற்காசியாவில் இளம் ஒளிப்படக் கலைஞர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று யோசிப்பவர் யாரும் இந்தப் பள்ளியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

பாட்ஷாலாவுக்கு முன்பு அங்கே ஒளிப்படமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மஞ்சூர் ஆலம் பேக் 1960லேயே டாக்காவில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியவர். 1976இல் வங்கதேச ஒளிப்படச் சங்கத்தை நிறுவியவரும் அவரே. சயீதா கானம், ஆண்கள் மட்டுமே கேமரா தூக்கிய காலத்தில் தொழில்முறைக் கலைஞராக நின்றவர். சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளை அருகிலிருந்து படமெடுத்தவர். 1971இன் கொடுமைகளை ரஷீத் தாலுக்தாரும் நயீபுத்தீன் அகமதும் உயிரைப் பணயம் வைத்துப் பதிவு செய்தார்கள். அந்தத் தலைமுறையிடம் திறமைக்குக் குறைவில்லை. சங்கங்கள் நடத்திய போட்டிகளில்தான் ரசனை ஒரே தடத்தில் போய்க்கொண்டிருந்தது: ஆற்றில் படகு, பனிமூட்டத்தில் மாட்டுவண்டி, சுருக்கம் விழுந்த முதியவர் முகம். நம் ஊர் கேமரா கிளப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒற்றைப் படத்தின் அழகுக்குப் பரிசு கிடைத்தது. ஒரு பிரச்சினையை இருபது படங்களில் தொடர்ந்து சொல்ல எங்கும் சொல்லித்தரப்படவில்லை.

இந்த இடைவெளியைக் கண்டவர் ஷாஹிதுல் ஆலம். 1955இல் டாக்காவில் பிறந்து, லண்டனில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே ஒளிப்படத்தின் பக்கம் திரும்பியவர். 1984இல் நாடு திரும்பினார். 1989இல் திருக் என்ற பட நிறுவனத்தைத் தொடங்கினார். வங்கதேசத்தின் படங்களை வங்கதேசத்தவரே எடுத்து, அவர்களே நேரடியாக உலகப் பத்திரிகைகளுக்கு விற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சில ஆண்டுகளில் ஒரு உண்மை தெளிவானது: விற்க நிறுவனம் இருக்கிறது, எடுக்க ஆள் போதாது. 1994இல் டாக்காவின் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த சில பிள்ளைகளுக்கு அவர் கேமரா பயிற்சி அளித்தார். பிறகு ஆம்ஸ்டர்டாமின் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பின் துணையோடு நடந்த பயிற்சிப் பட்டறைகளை ஒட்டிப் பாட்ஷாலா பிறந்தது. கேமரா என்பது வசதியுள்ளவன் கைப்பொருளாக இருந்த ஊரில், பள்ளிக்கு முன்பே அந்தப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். யார் கையில் கேமரா இருக்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் அந்தப் பள்ளியின் பாடத்திட்டமே கிளம்பியது.

ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஃபோகஸ் ஆகியவற்றைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். இன்று கைபேசியே அந்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. ஆவண ஒளிப்படப் பயிற்சியின் கனமான பகுதி அதற்கப்புறம் வருகிறது. மாணவர் ஒரு விஷயத்தைத் தேர்ந்து, அதே இடத்துக்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைச் சிறு அளவில் அச்சிட்டு மேசையில் பரப்பி, எதை வைப்பது, எதைத் தள்ளுவது, எது முதலில் வருவது என்று ஆசிரியரும் சக மாணவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள். அழகான படம் என்று மாணவர் நெஞ்சோடு வைத்திருந்தது பெரும்பாலும் அந்த மேசையிலிருந்துதான் முதலில் வெளியேறும். தனியாக நிற்கும்போது ஜொலிக்கும் படம், தொடருக்குள் வந்ததும் கதையைக் குலைத்துவிடும். சுமாராகத் தெரிந்த ஒரு படம், இரண்டு படங்களுக்கு நடுவே வைத்ததும் பேச ஆரம்பிக்கும். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, படத்தைக் கையிலெடுத்து, ஏன் என்று கேட்க வேண்டும். பள்ளி என்று ஒன்று தேவைப்படுவது இந்தக் கேள்விக்காகத்தான்.

பாட்ஷாலாவின் முதல் மாணவர் அணியிலிருந்து வந்தவர் அபீர் அப்துல்லா. டாக்காவின் நெரிசலான கட்டிடங்களிலும் தொழிற்சாலைகளிலும் நடந்த தீ விபத்துகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுத்தார். பின்னாளில் அதே பள்ளியின் முதல்வரானார். ஆண்ட்ரூ பிராஜ் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்குப் போனார். சைஃபுல் ஹக் ஓமி ரோஹிங்கியா அகதிகளை நெடுங்காலம் பின்தொடர்ந்தார். 2012இல் டாக்காவிலேயே கவுண்டர் ஃபோட்டோ என்று இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். கற்றவர்களே கற்பிப்பவர்களாவது பாட்ஷாலாவின் பெரிய பலம். மூனெம் வாசிஃபும் அப்படிப் படித்த இடத்திலேயே ஆசிரியரானவர். கடலோர சாத்கீரா மாவட்டத்தில் இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பானதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். குடிநீருக்காகப் பெண்கள் நெடுந்தூரம் நடக்கும் அந்தப் படங்களில் கண்ணீர்க் காட்சி கிடையாது. வெடித்த நிலமும் குடமும் வெயிலும் இருக்கின்றன. பிறகு பழைய டாக்காவின் சந்துகளில் பல ஆண்டுகள் சுற்றி ஒரு நூலும் கொண்டுவந்தார்.

இதே பள்ளியில் படித்த தஸ்லிமா அக்தரின் படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து விழுந்தது. அங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் விடியுமுன் இடிபாடுகளுக்குள் தஸ்லிமா ஒரு காட்சியைக் கண்டார். ஓர் ஆணும் பெண்ணும் கட்டிப்பிடித்தபடி இறந்துகிடந்தார்கள். பெண்ணின் உடல் பின்னோக்கி வளைந்திருந்தது. இடுப்புக்குக் கீழே கான்கிரீட். ஆணின் கண்ணிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு துளிக் கண்ணீர்போல் கன்னத்தில் உறைந்திருந்தது. அந்த ஒரு படம், மேற்கு நாடுகளின் கடைகளில் தொங்கும் மலிவுச் சட்டைகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உலகத்தைக் கேட்க வைத்தது.

அதிர்ஷ்டவசமாக அகப்பட்ட படம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. தஸ்லிமா விபத்தன்று கேமராவோடு ஓடி வந்தவர் அல்ல. ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் களப்பணி செய்தவர். அந்தத் தொழிலாளர்களின் வீடு, கூலி, வேலைநிறுத்தம் எல்லாவற்றையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வந்தவர். அந்த இரவில் அந்தக் காட்சியை நெருங்குவதற்கான மனமும், பார்த்த பின் படமெடுப்பதற்கான உரிமையும் அந்த ஆண்டுகளில் சம்பாதித்தவை. பிறகும் அவர் போகவில்லை. இறந்தவர்களின், காணாமல் போனவர்களின் விவரங்களைத் திரட்டுவதில் பல மாதங்கள் செலவிட்டார்.

இதற்கு நேர் எதிர்த் தொனியில் அமைந்தது ஜன்னத்துல் மாவாவின் படத்தொடர். டாக்காவின் நடுத்தர வர்க்க வீடுகளுக்குப் போனார். வீட்டு எஜமானியையும் அங்கே வேலை செய்யும் பெண்ணையும் ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். அவ்வளவுதான் படம். அந்தச் சோபாவை நாள்தோறும் துடைப்பவர் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதை இருவரின் உடலுமே சொல்லிவிடுகின்றன. ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்க, மற்றவர் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறார். நடுவே உள்ள இடைவெளி ஒரு சாண்தான். பெரிய லென்ஸ் வேண்டாம், தொலைதூரப் பயணம் வேண்டாம். தன் வர்க்கத்தின் கூடத்துக்குள் தைரியமாக நுழைந்தால் போதும். நம் வீடுகளில் தனி டம்ளரில் காபி வாங்கிக் குடிக்கும் பெண்களை நினைக்காமல் அந்தப் படங்களை என்னால் பார்க்க முடியவில்லை.

சர்க்கார் புரொதிக் இன்னும் உள்ளே போனார். முதுமையில் தளர்ந்திருந்த தன் தாத்தா ஜானையும் பாட்டி பிரபாவையும் அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே எடுத்தார். வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம், மங்கிக் கரையும் இரண்டு உருவங்கள். வறுமையும் வெள்ளமும் பேரழிவும் இல்லாத வங்கதேசத்து வீடு ஒன்றின் இந்தப் படங்களுக்கு 2015இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ பரிசு கிடைத்தது. பேரன் எடுத்ததால் மட்டுமே சாத்தியமான படங்கள் அவை. பள்ளி தொடங்கிய நாளில் இப்படி ஒரு படத்தொடர் பரிசு பெறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே என் முடிவு இது: பாட்ஷாலாவின் மாணவர்கள் மிகச் சிறந்த படங்களை எடுத்தது தங்களால் நடந்து போகக்கூடிய தூரத்தில்தான். சங்க அலுவலகம், பக்கத்து வீட்டுக் கூடம், பாட்டியின் அறை. அந்தத் தூரத்தைத் தாண்டிப் பரிசை நோக்கிப் போனபோது வேலை தளர்ந்தும் இருக்கிறது. டோங்கியில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடும் இஜ்திமாவுக்கு ரயில் கூரைமேல் அமர்ந்து போகும் கூட்டத்தை எத்தனை பேர் எத்தனை முறை எடுத்துவிட்டார்கள்! முதலில் எடுத்தவருக்கு அது கண்டுபிடிப்பு. பிறகு வந்தவர்களுக்கு அது வாய்ப்பாடு. நடுவர்கள் ஆம்ஸ்டர்டாமிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்திருக்கும்வரை, அவர்களுக்குப் பழகிய வங்கதேசத்தையே உள்ளூர்க்காரரும் எடுத்துக் கொடுக்கும் ஆபத்து நீங்காது. சிட்டகாங் மலைப்பகுதியின் சக்மா, மர்மா பழங்குடி மக்களைப் படமெடுக்க டாக்காவிலிருந்து போகும் வங்காளியும் வெளியிலிருந்து வந்து போகிறவர்தான். விமானத்தில் வந்தவரிடம் கேட்ட கேள்வியை அங்கே அவரிடமும் கேட்டாக வேண்டும்.

பார்வையாளர் விஷயத்தில் பாட்ஷாலாவினர் தெளிவாக இருந்தார்கள். சோபி மேளா என்ற சர்வதேச ஒளிப்பட விழாவில் படங்களை ரிக்‌ஷா வண்டிகளில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். காட்சிக்கூடத்தின் படியேறத் தயங்குபவரிடம் படமே போய் நின்றது.

இப்படிப் படம் காட்டுவதற்கு விலையும் கொடுத்தார்கள். 2009 நவம்பரில் திபெத் பற்றிய கண்காட்சியைக் காவல்துறை தடுத்தது. 2010 மார்ச்சில், 'என்கவுன்ட்டர்' கொலைகளைப் பற்றி ஷாஹிதுல் ஆலம் உருவாக்கிய படத்தொடரின் கண்காட்சிக்கும் அதே கதி. அந்தப் படங்களில் சடலமே கிடையாது. இருளில் டார்ச் வெளிச்சம் விழும் வயல், ஆளில்லாத இடம் என்று மட்டுமே இருந்தன. அதையும் அரசால் தாங்க முடியவில்லை. திறந்துவைக்க வந்திருந்த வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி, பூட்டப்பட்ட வாசலுக்கு வெளியே தெருவில் நின்று அதைத் திறந்துவைத்தார். 2018 ஆகஸ்ட் 5 இரவு, சாலைப் பாதுகாப்பு கேட்டுப் போராடிய மாணவர்களைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் பேட்டியளித்த சில மணி நேரத்தில் ஆலம் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். 107 நாள் சிறை. அவரை விடுவிக்கக் கோரியவர்களில் உலகம் முழுதும் பரவியிருந்த அவருடைய மாணவர்களும் இருந்தார்கள். ஒரு பள்ளியின் பாடத்திட்டத்தில் எழுதப்படாத பாடம் இது.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சுகிறது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, இன்று எழும்பூரில் உள்ள கவின்கலைக் கல்லூரி. இந்தியாவில் ஒளிப்படம் கற்பிக்கப்பட்ட மிகப் பழைய இடங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவு முன்னால் தொடங்கிய ஊரில், ஒளிப்படப் பயிற்சி என்றாலே கல்யாண ஆல்பமும் சினிமாவும் விளம்பரமும் என்றாகிவிட்டது. ஊட்டியை அடுத்த லவ்டேலில் 2001இல் தொடங்கப்பட்ட லைட் அண்ட் லைஃப் அகாடமி தொழில்முறைப் பயிற்சியை நேர்த்தியாகத் தருகிறது. அதன் பணி வேறு. 2016இல் தொடங்கிய சென்னை ஃபோட்டோ பியன்னாலே, கண்காட்சியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தருபவர் மு. பழனி குமார். மதுரைக்காரர், மீன் விற்கும் தாயின் மகன். கடன் வாங்கிக் கேமரா வாங்கியவர். மலக்குழியில் இறங்கி மாண்டவர்களின் குடும்பங்களையும் மீனவப் பெண்களையும் எடுத்தவர். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது பெற்றவர். இப்போது அவர் தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்பிக்கிறார். டாக்காவில் 1994இல் தொடங்கிய அதே வேலை இது. ஒரு தனிமனிதர் தோளில் எத்தனை நாள் நிற்கும்?

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளில் ஆவண ஒளிப்படத்தை முழுநேரப் பாடமாக, ஏழை மாணவருக்கு எட்டும் கட்டணத்தில், தமிழிலேயே நடத்தலாம். பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்துப் பெயரில்லாமல் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மாதம் எட்டுப் பக்கம் ஓர் இளம் கலைஞரின் படத்தொடருக்கு ஒதுக்குங்கள். எடுத்தவர் பெயரை அச்சிடுங்கள். கதைக்கும் கட்டுரைக்கும் தருவதைப் போல அதற்கும் சன்மானம் கொடுங்கள்.