கடைசிப் பக்கத்துத் துப்பாக்கி

விளையாட்டை வைத்து எழுதிய நாவலைப் படித்து முடித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியில யாரு ஜெயிச்சா?” பெரியவர்களுக்கு இது அற்பமாகப் படும். விளையாட்டு வெறும் சாக்கு, கதை உண்மையில் வறுமையையும் தகப்பனையும் பற்றியது என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வழக்கில் நான் பிள்ளைகள் கட்சி. ஓட்டப்பந்தயத்தை எடுத்துவிட்டு ஓவியப் போட்டியை வைத்தாலும் ஒரு நாவல் அப்படியே நிற்குமானால், அதில் ஓட்டத்துக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

அந்தக் கேள்விக்கு வேண்டுமென்றே பதில் சொல்லாமல் விட்ட நாவல் ஜேசன் ரெனால்ட்ஸின் ‘கோஸ்ட்’. 2016இல் வெளிவந்து, அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. ஏழாம் வகுப்புப் படிக்கும் காசில் கிரான்ஷா ஓட்ட அணியில் சேர்கிறான், பயிற்சி எடுக்கிறான், முதல் போட்டிக்குக் கோட்டில் வந்து நிற்கிறான், துப்பாக்கி வெடிக்கிறது. அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் கூடவே வந்த பிள்ளைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்பது அதன் குற்றச்சாட்டு.

ஏமாற்றுதானா என்று பார்க்க முதல் அத்தியாயத்துக்குத்தான் போக வேண்டும். அவன் ஓடக் கற்றது மைதானத்தில் இல்லை. குடித்துவிட்டு வந்த அப்பா துப்பாக்கியைத் தூக்கிய ராத்திரி, அம்மாவும் அவனும் வீட்டை விட்டு ஓடி, மிஸ்டர் சார்ல்ஸ் என்பவரின் கடைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அன்று குண்டுக்குப் பயந்து ஓடிய அதே பையன், கடைசிப் பக்கத்தில் தன் இஷ்டத்துக்கு வந்து நின்று துப்பாக்கி வெடிப்பதற்காகக் காத்திருக்கிறான். அந்தச் சத்தம் கேட்டும் குலைந்து போகாமல் ஓட்டத்தைத் தொடங்குகிறானா என்பதுதான் அவனுக்கு உண்மையான பந்தயம். முதலாவதா மூன்றாவதா என்று ரெனால்ட்ஸ் ஒரு வரி எழுதியிருந்தால் நம் கண் அந்த வரிக்குப் போயிருக்கும், சத்தம் மறந்திருக்கும். ஆகவே முடிவு சரி. தடகளத்தை எடுத்துவிட்டு வேறு விளையாட்டை வைத்தால் இந்த முடிவு வராது. சோதனையில் நாவல் தேறுகிறது.

நடுப்பகுதிக்கு இந்தச் சலுகையைத் தர முடியவில்லை. ஓடுவதற்குச் சரியான ஷூ இல்லை என்று, தன் உயரமான ஷூவின் கழுத்துப் பகுதியை அவனே அறுத்துக் குட்டையாக்கிப் போட்டுக்கொண்டு வருகிறான். பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு அவன் கடையில் புது வெள்ளி நிற ஷூவைத் திருடும்போது நமக்குத் திருட்டு தெரிவதில்லை, அறுத்த ஷூதான் தெரிகிறது. அருமையான இடம். ஆனால் அதற்குப் பின் ஓட்டமே ஒதுங்கிக்கொண்டு, பயிற்சியாளரின் பொறுமையும் புத்திமதியும் பக்கங்களை நிரப்புகின்றன. அந்தப் பயிற்சியாளர் கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவர். பையன் எந்தக் குழியில் விழுந்தாலும் தூக்கிவிட வந்து நிற்கிறார். “நடுவுல போர்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை விமர்சனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

போரடிக்கவே அடிக்காத நாவல் குவாமே அலெக்சாண்டரின் ‘தி கிராஸ்ஓவர்’. 2014இல் வந்து மறு வருடம் நியூபெரி பதக்கம் வாங்கிய கூடைப்பந்துக் கதை. முழுக்கப் புதுக்கவிதை நடை. வார்ம்-அப்பில் தொடங்கி நான்கு குவார்ட்டர், ஓவர்டைம் என்று புத்தகமே ஆட்டம்போலப் பிரிகிறது. கதை சொல்லும் ஜாஷ் பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போது எழுத்துகள் தாளில் சரிகின்றன, பெரிதாகின்றன, விழுகின்றன. ஒரே மூச்சில் முடித்தேன் என்று பிள்ளைகள் சொன்னால் அந்தப் பாராட்டு நடைக்குச் சேர வேண்டியது. தடுக்குவது வேறு இடத்தில். ஜாஷின் அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. அந்தச் சொல்லுக்கு அகராதிபோல் பொருள் சொல்லும் ஒரு கவிதையே இருக்கிறது. இத்தனை தடவை மணி அடித்த பிறகு அவர் சாவதில் அதிர்ச்சி இல்லை. இறுதி ஆட்டத்தில் கோப்பை கிடைக்கிறது, ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில். வாசகர் அழுகிறார், உண்மைதான். முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்த அழுகை அது.

இந்த இடத்தில் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாச’லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1959இல் வந்த இந்த ஜல்லிக்கட்டுக் குறுநாவலை இளையோருக்கான புத்தகம் என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு இளைஞர்கள் அதை வீரத்தின் சாசனமாகப் படிப்பது சகஜமாகிவிட்டது. அப்படிப் படிப்பவர்கள் கடைசிப் பக்கங்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தகப்பனைக் கொன்ற காரிக்காளையைப் பிச்சி அணைகிறான். யார் ஜெயித்தார் என்ற கேள்விக்குச் சந்தேகத்துக்கே இடமில்லாத பதில். அடுத்து ஜமீன்தார், தோற்றுப்போன தன் காளையைத் தானே சுட்டுக் கொல்கிறார். அவன் ஜெயித்தது அவர் மானப் பிரச்சினையாகி, பழி ஒரு மிருகத்தின் மேல் விழுகிறது. விளையாட்டு விதிகளும் வாடியில் நிற்கும் கிழவரின் பேச்சிலேயே வந்துவிடுகின்றன, விளக்கம் என்று தனியாக ஒரு பத்தி கிடையாது. பேச்சுவழக்கு புரியவில்லை என்று சென்னைப் பிள்ளைகள் முறையிடலாம். பத்துப் பக்கம் பொறுத்தால் காது பழகிவிடும்.

விளையாட்டை எழுத்தாக்கியதில் அலெக்சாண்டர் ரெனால்ட்ஸுக்கு மேல். முடிப்பதில் ரெனால்ட்ஸ் மேல். முடிவை மறைக்காமல் சொல்லிவிட்டு, அந்த முடிவின் மேலேயே கேள்வி எழுப்பியதில் செல்லப்பா இருவரையும் தாண்டி நிற்கிறார். ‘கோஸ்ட்’ படித்துவிட்டுக் கோபித்துக்கொண்ட பிள்ளைக்கு அடுத்ததாக நான் கொடுப்பது இதைத்தான். யார் ஜெயித்தார் என்பது இதில் தெளிவாகவே இருக்கிறது.