குரங்கு சிரிக்கலைங்க

போன ஞாயித்துக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். வால்பாறை போற வழியில், ஆழியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் எடுத்தது. நாட்டுக் குரங்கு ஒண்ணு ரோட்டோரச் சுவரில் உக்காந்து எல்லாப் பல்லையும் காட்டுது. "திங்கட்கிழமை காலை மீட்டிங்" என்று தலைப்பு வேறு. போட்டிக்கு அனுப்பலாமா, ஃபீட்பேக் சொல்லுங்க என்றார்.

நானும் முதலில் சிரிச்சிட்டேன். கண்ணில் ஃபோகஸ் கச்சிதம். பின்னாடி மலை மங்கலாகி முகம் மட்டும் எடுப்பாத் தெரியுது. ஒரே குறை, வலது மூலையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டின் நுனி. "அதை கிராப் பண்ணிடலாம்"னு அவரே சொன்னார்.

எனக்கு அந்த நுனிதான் உறுத்துச்சு. மக்காக் இனக் குரங்குகள் உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் பயத்தின், பணிவின் அடையாளம். நமக்குத்தான் அது சிரிப்பு. விசாரிச்சா, காருக்குள்ளிருந்து பாக்கெட்டைக் காட்டுறதும் இழுக்கிறதுமா நாலஞ்சு தடவை விளையாடியிருக்காங்க.

இதோடு ஒப்பிட எனக்கு நினைவு வந்தது அர்ஷ்தீப் சிங் என்ற பஞ்சாப் பையனின் படம். கபூர்தலாவில் ரோட்டோரம் ஒரு பழைய குழாய்க்குள் ஆந்தை நுழையறதைப் பார்த்து, அப்பாவை வண்டியை நிறுத்தச் சொல்லி, பாதி இறக்கின கார் ஜன்னலில் கேமராவை வச்சு எடுத்தது. ரெண்டு புள்ளி ஆந்தைகள் குழாய்க்குள்ளிருந்து "யாரு நீ?" என்பதுபோல் முறைக்கும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2018 போட்டியில் 10 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பரிசு. பிறகு 2022-ல் காமெடி வைல்ட்லைஃப் போட்டியிலும், ஒரு கண்ணை மூடிய ஆந்தைப் படத்துக்கு ஜூனியர் பரிசு வாங்கினார்.

அந்த ஆந்தை கண்ணடிக்கலை, சும்மா ஒரு கண்ணை மூடுச்சு. அங்கேயும் நாம தப்பாத்தான் படிக்கிறோம். ஆனா அதனால ஆந்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இங்கே நம்ம சிரிப்புக்காக ஒரு குரங்கைப் பயமுறுத்தியிருக்கோம். கூடவே, வண்டியைக் கண்டா தீனி கிடைக்கும்னு ரோட்டுக்கு வரப் பழக்கியும் விட்டோம். அப்படி வர்ற குரங்குதான் நாளைக்கு டயரில் மாட்டும்.

அதனால என் ஃபீட்பேக்: கிராப் பண்ணாதீங்க. படத்தில் உண்மையைச் சொல்ற ஒரே இடம் அந்த மூலைதான். போட்டிக்கும் அனுப்பாதீங்க.

காமெடி வேணும்னா பல்லடத்தைச் சுத்தி ஏதாவது தென்னந்தோப்போரம் சாயங்காலம் வண்டியை நிறுத்திட்டு உள்ளேயே உக்காருங்க. புள்ளி ஆந்தை இருந்தா, உங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். ஆந்தையால கண்ணை உருட்ட முடியாது. தூரம் கணிக்கத் தலையைத்தான் அசைக்கணும். பார்க்கிற நமக்கு, ஹெச்.ஆர். ரெஸ்யூமைப் படிக்கிற மாதிரியே இருக்கும்.

நண்பர் ரெண்டு நாள் பதில் போடலை. மூணாம் நாள் ஒரே வரி: "சரி, அந்த தோப்பு எங்கே?"