அஸ்தியைச் சுமந்தவருக்கு ஒரு வரிதானா?

செண்பகராமன் பிள்ளை பற்றித் தமிழில் வந்தவற்றைக் கொஞ்ச நாளாகத் தேடித்தேடிப் படிக்கிறேன். கட்டுரையோ சிறுவர் நூலோ, எதை எடுத்தாலும் பாதை ஒன்றுதான். 1914-இல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது, ஹிட்லரோடு மோதினார், 1934-இல் பெர்லினில் இறந்தார், 1966-இல் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பலில் அவர் அஸ்தி கொச்சிக்கு வந்தது. கப்பலில் ஆரம்பித்துக் கப்பலில் முடிகிற கதை.

அவர் எம்டனில் இருந்தார் என்பதற்கு நான் படித்த எதிலுமே உருப்படியான சான்று இல்லை. ஆனாலும் அதற்கு நாலு பக்கம் ஒதுக்குகிறார்கள். 1934-க்கும் 1966-க்கும் நடுவே 32 வருஷம் இருக்கே, அதற்கு? மனைவி லட்சுமிபாய் அஸ்தியைப் பாதுகாத்தார் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இந்த ஒரு வரி என்னை உறுத்துவதற்குக் காரணம் நான் இருக்கிற ஊர். நம்ம சேலம், நாமக்கல் பக்கம் எரித்த பிறகு எலும்பு பொறுக்கி, பவானி கூடுதுறையிலோ மோகனூர், பரமத்தி வேலூர் காவிரியிலோ சீக்கிரம் கரைச்சிடுவாங்க. கலயம் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதும்பாங்க பெரியவங்க. பொம்பளைங்க சுடுகாட்டுக்கே போறதில்லை. அதே சமயம், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா வரைக்கும் ஆள் போற சீமை இது. அங்கே ஒருத்தர் தவறி அங்கேயே எரிச்சுட்டாங்கன்னா, இறப்புச் சான்று, தகனச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று எல்லாம் சேரும்வரை சொந்தபந்தம் காத்துக் கிடக்கணும். அந்தக் கொஞ்ச நாளே எவ்வளவு கனம்னு காத்திருந்த வீடுகளுக்குத் தெரியும்.

லட்சுமிபாய் பெர்லினிலிருந்து கொண்டுவந்த கலயத்தைப் பம்பாயில் வைத்துக்கொண்டு ஒரு உலகப் போரைக் கடந்தார், சுதந்திரத்தையும் கடந்தார். 1947-க்குப் பிறகும் 19 வருஷம். அந்த 19 வருஷம் ஏன் ஆச்சு, யாரிடம் கேட்டார், என்ன பதில் வந்தது? வரலாறு எழுதுகிறவர் முதலில் தோண்ட வேண்டிய இடம் இதுதானே? போர்க்கப்பல் மரியாதையை மட்டும் விரிவாக எழுதினால் தாமதம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதற்காகவே அப்படி எழுதினார்கள் என்று சொல்ல வரவில்லை. சுதந்திர இந்தியாவின் கப்பலில்தான் திரும்புவேன் என்று அவர் சூளுரைத்ததாகச் சொல்வார்கள், அந்தக் கவர்ச்சி எவரையும் இழுக்கும்.

கடைசி விருப்பத்தையும் மேலோட்டமாகவே தொட்டுவிட்டுப் போகிறார்கள். பாதிச் சாம்பலைக் கரமனை ஆற்றில் கரைக்கணும், மீதியை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவணும் என்றாராம். அவர் கண்மூடியபோது ஆறும் வயலும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-இல் நாஞ்சில் நாடு சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது, கரமனை கேரளத்தில் நின்றுவிட்டது. கலயம் பம்பாயில் காத்திருந்த காலத்திலேயே, அது போய்ச்சேர வேண்டிய ஊர் இரண்டு மாநிலமாகிவிட்டது. நான் படித்த நூல்களில் இதற்கு அந்த ஒரு வரிகூட இல்லை.