பூச்சியும் வானமும் ஒரே சட்டத்தில்

இயற்கைப் படங்களில் இன்று ஒரு ரசனை கோலோச்சுகிறது. பறவையோ பட்டாம்பூச்சியோ, இறகின் இழையை எண்ணிவிடலாம் என்கிற கூர்மையில் நிற்க வேண்டும். அதன் பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய் போல உருகி ஒரே நிறப் பரப்பாகிவிட வேண்டும். அதற்குப் பெரிய சென்சாரும் விலையுயர்ந்த லென்ஸும் தேவை. சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவான காம்பாக்ட் கேமராவால் பின்னணியை அப்படிக் கரைக்க முடியாது. அது அதன் குறை என்றே பேசப்படுகிறது. அதுதான் அதன் சிறப்பு என்பது என் கட்சி. ஓர் உயிரை அது வாழும் இடத்திலிருந்து பிரிக்காமல், மண்ணை வானத்திலிருந்து பிரிக்காமல் காட்டும் பார்வை அந்தச் சின்னக் கருவிக்கு இயல்பிலேயே வாய்த்திருக்கிறது. அதை அறிந்து கையாள்பவர் எடுக்கும் படம், ஏழையின் மாற்று ஏற்பாடு அல்ல. தனியான ஒரு கலை.

காரணம் ஒளியியலில் இருக்கிறது. இத்தகைய கேமராக்கள் பெரும்பாலானவற்றின் சென்சார் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. தொழில்முறைக் கலைஞர்களின் ஃபுல் ஃபிரேம் சென்சாரோ 36-க்கு 24. பரப்பில் சுமார் முப்பது மடங்கு வித்தியாசம். சென்சார் சிறியதாக இருப்பதால், அகன்ற காட்சியைப் பிடிக்க 5 மில்லிமீட்டர் குவியத்தூரமே போதும். குவியத்தூரம் குறையக் குறையக் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும். எஃப் 2.8 திறப்பில் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழுந்துவிடும். அதே காட்சியை அதே திறப்பில் ஃபுல் ஃபிரேம் கேமராவில் அடிவானம் வரை பிடிக்க, ஒன்பது மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் வைத்தாக வேண்டும். நான்கரை மீட்டருக்குள் இருப்பது மங்கிவிடும். போதாக்குறைக்கு, பூ அடையாளம் போட்ட மேக்ரோ பொத்தானை அழுத்தி, ஜூமை முழுதும் அகலத்தில் வைத்தால், லென்ஸின் முகத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் அருகே இருக்கும் பொருளைக்கூடப் பல மாடல்கள் பிடித்துவிடும்.

இதன் பலனைக் காண ஊர் ஓரத்து எருக்கஞ்செடி ஒன்று போதும். அதன் இலையை வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு மேய்ந்துகொண்டிருக்கும். உடல் நெடுக மெல்லிய கறுப்பு வெள்ளைப் பட்டைகள், இடையிடையே மஞ்சள் பொட்டுகள், கொம்பு போல நீளும் மூன்று இணைக் கறுப்பு இழைகள். பெரிய மேக்ரோ லென்ஸில் இந்தப் புழு நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்த ஆபரணமாகிவிடும். இலைகூடப் பச்சைத் தீற்றலாகிவிடும். காம்பாக்டை இலைமட்டத்துக்குத் தாழ்த்தி, புழுவுக்கு மூன்று சென்டிமீட்டர் அருகே கொண்டுபோய், சற்றே மேல்நோக்கிப் பிடித்தால் வேறு படம் கிடைக்கிறது. புழு பெரிதாக முன்னால் நிற்கிறது. கடித்த விளிம்பில் பால் கசிகிறது. பின்னணி துல்லியமாக இராது. ஆனாலும் மரம் மரமாகவும் மின்கம்பம் கம்பமாகவும் மழைமேகம் மேகமாகவும் தெரியும். எருக்கின் நஞ்சை உண்டு உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் இந்தப் புழுவை ஒதுக்குகின்றன; அதனால்தான் வெட்டவெளியில், பட்டப்பகலில், பளிச்சென்ற நிறத்தில் அது துணிந்து மேய்கிறது. முதல் படம் புழு எப்படி இருக்கிறது என்று சொல்லும். அது எப்படி வாழ்கிறது என்று சொல்வது இரண்டாவது படம்தான்.

இது தானாக வந்துவிடுவதல்ல. இவ்வளவு அருகே போகும்போது கேமராவின் நிழலே பூச்சியின் மேல் விழும். வெயில் பக்கவாட்டிலிருந்து வருமாறு இடம் பார்க்க வேண்டும். தட்டான்கள் பனி உலர்ந்து உடல் சூடேறும் வரை எளிதில் பறப்பதில்லை. ஆகவே காலை முதல் வெளிச்சம்தான் அவற்றுக்கான நேரம். திறப்பைக் குறுக்கினால் கூர்மை கூடும் என்ற பெரிய கேமராப் பாடம் இங்கே செல்லாது. சின்னச் சென்சாரில் எஃப் 8-க்குப் போனாலே ஒளி விளிம்பில் சிதறி, படம் மொத்தமாக மென்மைப்பட்டுவிடும். அகலத் திறந்து வைப்பதே நல்லது. ஐஎஸ்ஓவை 100-க்கு மேல் ஏற்றாமல் இருப்பதும் அப்படித்தான். பெரிய கேமரா பின்னணியைக் கரைத்து ஒழுங்குபடுத்தித் தரும் வேலையை, காம்பாக்ட் வைத்திருப்பவர் தம் முழங்காலாலும் கண்ணாலும் செய்தாக வேண்டும்: ஓர் அடி நகர்ந்து குப்பைத்தொட்டியை விலக்குவதும், அரை அடி தாழ்ந்து வானத்தை உள்ளே கொண்டுவருவதும். எல்லாமே தெரியும் சட்டத்தில் எதை விடுவது என்று தீர்மானிப்பதுதான் இந்தக் கலையின் உயிர்.

வானத்துக்கும் இதே வாதம் பொருந்தும். அமெரிக்கக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் மேகங்களைப் படமெடுத்தார். தம் படங்களின் வலிமை, தாம் எடுக்கும் ஆட்களிடமிருந்து வருகிறது என்ற பேச்சுக்கு மறுமொழியாக, எல்லோர் தலைக்கு மேலும் இலவசமாகக் கிடக்கும் பொருளை அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்கள் பலவற்றில் நிலமே இல்லை. காம்பாக்டின் வழி வேறு. அதன் அகன்ற கோணத்தில் நிலத்தோடு சேர்ந்த வானம் விழுகிறது. சூரியனைச் சுற்றி எழும் ஒளிவட்டத்தை எடுத்துக்கொள்வோம். உயரத்து மென்மேகங்களில் உள்ள அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை விலக்குவதால் தோன்றும் அந்த வட்டத்தின் ஆரம் 22 பாகை, விட்டம் 44 பாகை. ஃபுல் ஃபிரேமின் 28 மில்லிமீட்டருக்கு ஒப்பான காம்பாக்டின் சட்டம் ஏறக்குறைய 50 பாகை உயரம் கொண்டது. வட்டம் முழுதாக உள்ளே அடங்கிவிடுகிறது. சூரியனை ஒரு தென்னையின் தலைக்குப் பின்னால் மறைத்துவிட்டால் வட்டத்தின் உள்விளிம்புச் சிவப்பு தெளிவாக வரும்; எந்த ஊர், எந்த மரம் என்பதும் படத்திலேயே இருக்கும்.

நிலாவும் அப்படித்தான். வெயில் காயும் பாறை அது. கரிய வானத்தைக் கண்டு ஏமாறும் ஆட்டோ அமைப்பு அதை வெறும் வெள்ளைப் பொட்டாக்கிவிடும். ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, ஷட்டர் 400-இல் ஒரு பங்கு விநாடி என்று கையால் அமைத்தாலோ, எக்ஸ்போஷரை இரண்டு படி குறைத்தாலோ கறைகள் தெரியத் தொடங்கும். இதைவிட நல்ல வழி, பௌர்ணமிக்கு முந்தைய மாலை. அன்று சூரியன் மறையுமுன்பே நிலா எழுந்துவிடுவதால் மண்ணின் வெளிச்சமும் நிலாவின் வெளிச்சமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். வயலும் நிலாவும் ஒரே சொடுக்கில் சரியாக விழும். சூரிய கிரகணத்தில் வானத்தையே பார்க்க வேண்டியதில்லை. தகுந்த வடிகட்டி இல்லாமல் லென்ஸைச் சூரியனை நோக்கித் திருப்பவும் கூடாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாக வளையக் கிரகணத்தின் பாதை சென்றபோது, வானம் தெளிந்திருந்த இடங்களில் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, மரத்தடி மண்ணில் ஒளிவளையங்களை இறைத்தன. வானத்து நிகழ்வை மண்ணில் படமெடுக்க மலிவான கேமராவே தாராளம்.

மறுப்புகள் உண்டு; அவற்றில் நியாயமும் உண்டு. தொலைவில் பறக்கும் பருந்தை இந்தக் கருவி பிடிக்காது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இது எல்லாவற்றுக்குமான கேமரா அல்ல. இருட்டில் புள்ளிக்குப்பை மண்டும் என்பார்கள். உண்மைதான். 5 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 2.8-இல் திறக்கும் துளை 2 மில்லிமீட்டர்கூட இல்லை. இருட்டுக்குப் பழகிய நம் கண்மணி அதைவிடப் பெரியது. ஆனால் கண்ணால் ஒளியைச் சேமிக்க முடியாது, கேமராவால் முடியும். பல காம்பாக்டுகளில் அதிகபட்சம் 15 விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம். அகன்ற கோணத்தில் விண்மீன்கள் கோடாக இழுபடாமல் இருக்கும் வரம்பும் ஏறக்குறைய அவ்வளவே. கேமராவைச் சுவரில் வைத்து, டைமரை இரண்டு விநாடிக்கு அமைத்து, பதினாறு படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளிக்குப்பை நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கைபேசி இருக்க இது எதற்கு என்பதே வலுவான கேள்வி. சின்னச் சென்சாரின் ஆழம் கைபேசிக்கும் உண்டு. அதில் நல்ல படம் எடுப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் கைபேசி தன் கணிப்பையும் படத்தில் கலக்கிறது. 2023-இல் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படம் ஒன்றைத் திரையில் காட்டி ஒருவர் கைபேசியால் எடுத்தபோது, மூலத்தில் இல்லாத நுணுக்கங்களை அது சேர்த்துக்கொடுத்தது. பின்னணியைப் பொய்யாகக் கரைத்துத் தரும் வசதியும் அதில் உண்டு. பழைய காம்பாக்ட் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் அறியாது. லென்ஸ் வழியே வந்ததைத் தருகிறது, அது போதாதபோது போதாமையையும் மறைக்காமல் தருகிறது. சாட்சி சொல்ல அந்த நேர்மை வேண்டும்.

சாட்சிதான் இங்கே கடைசி அளவுகோல். அலையடிக்கும் கடலை அடியிலிருந்து பார்ப்பது போன்ற ‘ஆஸ்பெரிடாஸ்’ மேகத்தோற்றத்தை உலக வானிலை அமைப்பு 2017-இல் தன் மேக அட்லஸில் சேர்த்தது. அதற்கு வழிவகுத்தவை ஆர்வலர்கள் எடுத்தனுப்பிய படங்கள். நம்மிடையே காட்டுயிர்ப் படக் கலைஞர் மா. கிருஷ்ணன் கருவிகளைத் தாமே இணைத்து ஒப்பேற்றிக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளைப் பதிவு செய்தார். அவர் படங்களின் மதிப்பு கேமராவின் விலையில் இல்லை, அந்த விலங்கை அவர் அறிந்திருந்த ஆழத்தில் இருக்கிறது. ஆகவே ஓர் இயற்கைப் படத்தின் முன் நின்று முதலில் கேட்க வேண்டியது, இறகு எவ்வளவு கூர்மை என்பதல்ல. இது எந்த இடம், எந்தப் பருவம், எந்தப் பொழுது, இந்த உயிர் இங்கே என்ன செய்கிறது என்பனவே கேள்விகள். இவற்றுக்கு விடை தரும் படத்தை மலிவான கேமரா எடுத்திருந்தால், அதை விலையுயர்ந்த படங்களின் வரிசையில் வைத்துப் பார்ப்பதுதான் முறை.