ஒரு கிலோமீட்டருக்கு அரை வினாடி

கேமரன் மலைத் தோட்டங்களில் விளையாட்டுப் போட்டி முடிந்ததும் திடலோரத்தில் கேட்கும் பேச்சு இது: "நம்ம பையன அடிக்க இங்க ஆளே இல்ல." பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பல பிள்ளைகளின் வளர்ச்சி நின்றுபோவதும் அந்தப் பேச்சோடுதான். எதிரே ஆளில்லை என்றால் அவன் யாரை முந்துவது? கோலாலம்பூரில் 1998-ல் நடந்த ஒரு பந்தயத்தைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அந்த ஆண்டு காமன்வெல்த் போட்டிகளில் 50 கிலோமீட்டர் வேகநடை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மலேசியாவின் கோவிந்தசாமி சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியாவின் டுவேன் கசின்ஸ் பின்தங்கியது 25 வினாடி மட்டுமே.

சரவணனின் சராசரி, கிலோமீட்டருக்கு 5 நிமிடம். அந்த 25 வினாடியை 50 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு அரை வினாடி. அரை வினாடியில் அவர் கடந்த தூரம் ஏறக்குறைய ஒன்றரை எட்டு. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இரண்டே இரண்டு எட்டு அசந்திருந்தால் தங்கம் கைமாறியிருக்கும். மெத்தனத்தின் அளவு அவ்வளவுதான். அது ஒரேயடியாக வந்து கவிழ்ப்பதில்லை, எட்டு எட்டாகத் தின்றுவிடுகிறது.

வேகநடையில் உடம்பாலும் எதையும் மறைக்க முடியாது. ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடல் அதன்மேல் நேராக வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் இடுப்பு இறுகும், தோள் மேலேறும், முழங்கால் தானாக மடியப் பார்க்கும். அன்றைய விதிப்படி மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினால் பந்தயமே போச்சு. களைப்பில் முறை பிசகாதபடி தன்னைத் தானே கண்காணிப்பவர்தான் கடைசிவரை நிற்கிறார்.

மலையில் நமக்கென்று இன்னொரு மெத்தனம் உண்டு. மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு மூச்சுப் பலம் தானாக வந்துவிடும் என்கிறோம். நம் தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயர்நிலப் பயிற்சிக்கு விளையாட்டு அறிவியல் பொதுவாகப் பரிந்துரைப்பதோ 2,000 மீட்டரும் அதற்கு மேலும். இங்கே பிரிஞ்சாங் மலை உச்சி போன்ற சில இடங்களே அதை எட்டுகின்றன. போதாததற்கு, குளிரில் பழகிய உடம்பு கீழே இறங்கினால் வெக்கையிலும் புழுக்கத்திலும் திணறும். அதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். மேட்டிலும் சரிவிலும் நடந்து வந்த கால்பலம் உண்மை. அதையே பயிற்சி என்று நம்பிவிடுவதுதான் தவறு.

பழைய பெருமையில் சாய்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டளவிலும் சான்று உண்டு. மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். அந்தச் சாதனையை 2017-ல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் முறியடித்தார். ஓடுதளமும் காலணியும் பயிற்சி முறையும் எவ்வளவோ மாறிய 49 ஆண்டுகளில் வெறும் 0.02 வினாடிதான் குறைந்தது. ஜெகதீசனைப் போற்றியதில் நாம் குறை வைக்கவில்லை. அவரைத் துரத்தியதில்தான் குறை வைத்தோம்.

பழைய பெருமை இன்றைக்கு உதவாது என்பது கொழுந்து பறிக்கும் நம் தாய்மார்களுக்குப் புதிதல்ல. நேற்றைய நிறுவை இன்றைய கணக்கில் சேராது.

ஆகவே, பயிற்சி தரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று வேண்டுகோள். முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மொத்த நேரம் மட்டும் போதாது, ஒவ்வொரு கிலோமீட்டரின் நேரமும் அதில் ஏற வேண்டும். எங்கே அசந்தான் என்று அப்போதுதான் தெரியும். இரண்டாவது, முதலிடத்துக்குக் கோப்பை இருப்பது போல, சொந்த நேரத்தை அதிகம் குறைத்தவருக்கும் ஒரு கோப்பை வையுங்கள். கடைசியாக வருபவனுக்கும் அன்று ஓட ஒரு காரணம் இருக்கும், முதலாவதாக வருபவனும் சோம்பி நிற்க மாட்டான். மூன்றாவது, இங்கே வென்ற பிள்ளையை ஈப்போவுக்கோ குவாந்தானுக்கோ அழைத்துப் போய்த் தன்னைவிட வேகமானவர்களோடு ஓட விடுங்கள். தோற்றுத் திரும்பினாலும் பரவாயில்லை. இன்னும் எத்தனை வினாடி குறைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வருவான். மறுநாள் பயிற்சியை அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.